மண்கட்டிகளின் கணக்கு

எனக்குப் பறவை தெரியாது. பாதை தெரியும்.
எந்த வாய்க்கால் பாலம் வண்டியைத் தாங்கும்,
எங்கே மேலே பனி, அடியில் சேறு என்று தெரியும்.
அதற்காகத்தான் ஜனவரியில் ஒரு நாள் என்னைக் கூப்பிடுகிறார்கள்,
மருந்துக்கடை எத்தெல்காவும்
நீரேற்று நிலையத்து வென்சலும்.
மற்ற நாளெல்லாம் நான்
சர்க்கரைக் கிழங்கு லாரி ஓட்டுகிறேன்.

கழுகு எண்ணும் நாள்.
ஹங்கேரி முழுக்க ஒரே நாளில் எண்ணினால்தான்
ஒரே கழுகு இரண்டு ஊர்க் கணக்கில் ஏறாதாம்.
திஸ்ஸா ஆற்றுக்குக் கிழக்கே
சமவெளியில் ஒரு துண்டு எங்களுக்கு.

முந்தின இரவு மழை
விழுந்த இடத்திலேயே உறைந்துவிட்டது.
ஒவ்வொரு சோளத்தட்டைக்கும் ஒரு கண்ணாடி உறை.
வண்டிக் கதவுக்கு ஒரு கெட்டில் வெந்நீர் செலவு.

முதலில் வந்தது பூனைப்பருந்து.
தாழ, மிகத் தாழ,
சாவியைத் தொலைத்தவன் தேடுகிற மாதிரி
வரப்போரமாகவே போனது.
"அது கழுகில்லை" என்றாள் எத்தெல்கா.
ஆனாலும் தாளின் ஓரத்தில்
யாருக்கும் தெரியாமல் ஒரு கோடு போட்டாள்.

உழுத நிலத்தில், தூரத்தில், கறுப்பாய் ஒன்று.
கழுகு, என்றார் வென்சல்.
மண்கட்டி, என்றாள் எத்தெல்கா.
இருபது வருஷமாக இவர்களுக்கு இதுதான் பேச்சு.
நான் தேநீரை ஊற்றிக் குடித்து முடித்தேன்.
மண்கட்டி தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது.
அதன் பக்கத்தில்
யாருமே சந்தேகப்படாத இன்னொரு கட்டி
எழுந்து
பறந்து போனது.

நண்பகலில் ஏழு.

கைவண்டியைத் தள்ளிக்கொண்டு பர்னபாஷ் வந்தார்.
"எத்தனை?"
"ஏழு."
"எட்டு. ஒண்ணு என் கொட்டகையில இருக்கு."

வண்டிக்குள் யாரும் பேசவில்லை.
மூன்று குளிர்காலத்துக்கு முன்
இவர் வாய்க்காலோரம்தான் இரண்டு கிடந்தன,
இறக்கை விரிந்து, நகங்கள் மடங்கி.
பக்கத்தில் உடைந்த முட்டை.
மோந்து பார்க்காமலே எத்தெல்கா அன்று
மருந்தின் பெயரைச் சொன்னாள்.

கொட்டகையில் தீவன மூட்டைகளுக்கு நடுவே
ஒரு பழைய ராணுவக் கோட்டு.
கோட்டுக்கு மேலே மஞ்சள் அலகு.
அதற்கு மேலே
எங்களை மன்னிக்காத இரண்டு கண்.

"வாய்க்காலில் உட்கார்ந்திருந்தது," என்றார்.
"இறக்கை மேல பனிக்கட்டி. தூக்கினா
கண்ணாடிக் கிளாஸ் மாதிரி கிணுகிணுன்னுது."
அவர் கையில் துணிக்கட்டு. துணியில் ரத்தம்.
"போன மாசம் என் வாத்தைத் தின்னது இதுதான்."
எப்படித் தெரியும்?
"மூஞ்சி தெரியும்."

இறகிலிருந்து தகரத்தின் மேல்
சொட்டு. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.

படிவத்தில் இதற்குப் பத்தி இல்லை.
கொட்டகையில் இருப்பது சமவெளியில் இருப்பதாகுமா?
ஆகாது, என்றார் வென்சல். பறக்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா, இரண்டில் ஒன்று.
உட்கார்ந்துதானே இருக்கிறது, என்றாள் எத்தெல்கா.
பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்,
முதல் தடவையாக.
"மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கே," என்றேன்.

கோட்டை உதறிவிட்டு அது நடந்தது.
கழுகு நடந்து பார்த்திருக்கிறீர்களா?
நனைந்த கால்சட்டையோடு
கல்யாண வீட்டை விட்டு வெளியேறும் பெரிய மனிதர்.
வாத்துகள் வாயடைத்து வேலியோடு ஒட்டின.
நாய் தன் பெயரையே மறந்தது.
முற்றம் தாண்டி, உழுத நிலத்தின் விளிம்பில்
இரண்டு முறை இறக்கையை அடித்துப் பார்த்தது,
கணக்குச் சரியா என்பதைப் போல.
மூன்றாவது அடியில் நிலம் அதை விட்டது.

நானூறு மீட்டர். அவ்வளவுதான்.
இறங்கியது. தோளைக் குறுக்கியது.
மண்கட்டியானது.

"எட்டு," என்றார் வென்சல்.
மணி இரண்டு ஐம்பது.
எத்தெல்கா எழுதினாள். பேனா மை உறைந்திருந்தது;
வாயில் வைத்து ஊதி மறுபடி எழுதினாள்.
"வாத்துக்கும் ஒரு பத்தி போடுங்க!"
பின்னாலிருந்து பர்னபாஷ் கத்தினார்.

திரும்பும் வழியில் இருட்டு.
விளக்கொளியில் உழவு முழுக்கக் கட்டி கட்டியாய்.
ஒவ்வொன்றுக்கும் என் கால்
பிரேக்கைத் தேடியது.
ஏன் மெதுவாகப் போகிறாய் என்று
இரண்டு பேருமே கேட்கவில்லை.